பின்னணி மாறியதும் வெளியே வந்த தோள்: ஒரு கல்வெட்டு அட்டையும் அதன் லேயர் மாஸ்க்கும்

கொழும்பில் எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு சாவு நடந்தால் 31ஆம் நாளுக்கு முன் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சிடுகிற சிறு புத்தகம், கையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கம்தான், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படியே தொடர்கிறது. அட்டையில் ‘நினைவு மலர்’ என்று போட்டாலும் பேச்சில் அது கல்வெட்டுத்தான். உள்ளே தேவாரம், திருவாசகம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுத்த நாலு வரி. வெளியே இறந்தவரின் படம். 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியின் நாளைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே அச்சகத்தில் வேறு எந்த வேலை பிந்தினாலும் இது பிந்தக் கூடாது.

நான் அப்படியான ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். இங்கே எழுதப் போவது ஒரேயொரு அட்டைப் படத்தைப் பற்றி. போட்டோஷொப்பில் படத்தின் வேண்டாத பகுதியை மறைக்கிற அதன் லேயர் மாஸ்க்கில் நான் விட்ட பிழை என்ன, அது ஏன் திரையில் தெரியாமல் கடுதாசியில் தெரிந்தது, பிறகு எப்படித் திருத்தினேன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே பிழையை வெளியிலிருந்து வருகிற பைல்களிலும் அடிக்கடி காண்கிறேன்.

வந்த படம்

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். இறந்தது அவருடைய அம்மா. அம்மா தனியாக நிற்கிற நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருந்தது ஒரு கலியாண வீட்டுப் படம்: மணவறைக்கு முன்னால் ஐந்து பேர் நெருக்கமாக நிற்கிறார்கள், அம்மா நடுவில், அவருக்கு இடப்பக்கம் கடும் நீலக் கோட்டுப் போட்ட தம்பி, அதாவது இந்த அக்காவின் மாமா, தோளோடு தோள் ஒட்டியபடி. பின்னால் சிவப்பு வெல்வெட் திரை. அம்மாவுக்குத் தலை முழுக்க நரை, காதோரத்தில் சில மயிர்கள் கொண்டைக்குள் அடங்காமல் பறந்து நிற்கின்றன.

“சிரிப்பு இதிலதான் தம்பி சரியா இருக்கு. வேற ஒரு படத்திலயும் அம்மா இப்பிடிச் சிரிக்கேல்ல.”

முதலில் வட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தார். அதில் வரும்போது படம் சுருங்கிவிடும், மயிரும் திரையும் ஒன்றோடொன்று கரைந்து சதுரம் சதுரமாகிவிடும், அதை வைத்து எந்த மாஸ்க்கும் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆகவே கையில் உள்ள படத்தையே கொண்டுவரச் சொன்னேன். 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம். 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கான் செய்தபோது 3600 × 2400 பிக்சல் கிடைத்தது. அதில் அம்மாவின் பங்கு ஏறக்குறைய 800 பிக்சல் அகலம். அச்சுக்கு 300 டிபிஐ என்று வைத்தால் 68 மில்லிமீட்டர். ஏ5 அட்டையின் அகலம் 148 மில்லிமீட்டர் என்பதால் அட்டையின் பாதி அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படம் வரும். போதும்.

முதல் தடவை செய்தது

அட்டைக்குக் கடும் மெரூன் நிறம் கேட்டிருந்தார்கள். ஸ்கான் செய்த படத்தை ஒரு லேயரில் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிற தாள்களில் ஒன்றைப்போல) வைத்து, அம்மாவைச் சுற்றி லாசோவால், அதாவது கையால் சுற்றி வரைகிற கருவியால், ஒரு தோராயமான தெரிவு போட்டு, லேயர் பட்டியலின் கீழே உள்ள மாஸ்க் பொத்தானை அழுத்தினேன். தெரிவுக்கு உள்ளே இருந்தது வெள்ளையாகவும் வெளியே இருந்தது கறுப்பாகவும் ஒரு மாஸ்க் வந்தது. தெரியாதவர்களுக்காக இவ்வளவும் சொல்லிவிடுகிறேன்: மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டி நிற்கிற இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம். அது வெள்ளையாக உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும், சாம்பலாக உள்ள இடத்தில் அந்தச் சாம்பலின் அளவுக்குத் தெரியும். 8 பிட் பைலில் கறுப்பு 0, வெள்ளை 255, இடையில் உள்ளதெல்லாம் சாம்பல். படத்தில் ஒரு பிக்சல்கூட அழிவதில்லை. இரப்பரால் அழித்தால் போனது போனதுதான், மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளைப் பிரஷ்ஷால் திரும்பக் கொண்டுவரலாம்.

மாமாவின் தோள் அம்மாவின் தோளோடு ஒட்டியிருந்ததால் லாசோ கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. மிச்சம் நின்ற தோளைக் கறுப்புப் பிரஷ்ஷால் மாஸ்க்கில் மூடினேன். இங்கேதான் பிழை. அதற்குச் சற்று முன்னர் வேறொரு படத்தில் முகத்தின் நிழலைத் திருத்தியிருந்தேன், அதற்காகப் பிரஷ்ஷின் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அடர்த்தியாக மூடும் என்ற அளவை, 90 சதவீதத்தில் வைத்திருந்தேன், அதைத் திரும்ப 100க்குக் கொண்டுவரவில்லை. ஒரு தடவை இழுத்தேன், தோள் மறைந்தது, மெரூன்தான் தெரிந்தது, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மயிரிலும் அவசரம்தான். ஓரம் மென்மையான பிரஷ்ஷால் கொண்டையைச் சுற்றி ஒரு வட்டம் போனேன். மெரூனுக்கு மேல் அது நன்றாகவே இருந்தது. இருபது நிமிடத்தில் முடித்து அக்காவுக்குக் காட்டினேன்.

“மெரூன் வேண்டாம் தம்பி. அம்மா சந்தனக் கலர்தான் விரும்பி உடுப்பா. அதையே போடுங்கோ.”

சரி என்று கீழே இருந்த லேயரின் நிறத்தை மாற்றினேன். ஒரு நிமிட வேலை, மாஸ்க் இருந்தபடியால். திரையில் முழு அட்டையையும் சிறிதாக்கித்தான் பார்த்தேன், பெரிதாக்கிப் பார்க்கவில்லை. புரூஃப், அதாவது சரிபார்க்கிற அச்சு மாதிரி, எடுக்க அனுப்பினேன்.

புரூஃப் வந்தது

அடுத்த நாள் காலையில் அக்கா புரூஃபை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்தார்.

“தம்பி, இஞ்ச பாருங்கோ. இது மாமான்ர தோள் எல்லே?”

அம்மாவின் இடப்பக்கம், சந்தன நிறத்துக்குள், ஒரு மங்கலான நிழல். உற்றுப் பார்த்தால் கோட்டின் தோள் வளைவும் கழுத்துப் பட்டியின் ஒரு துண்டும் தெரிந்தன. இறந்தவரின் படத்துக்குப் பக்கத்தில், உயிரோடு இருக்கிற ஒருவர் ஆவிபோல நிற்கிறார்.

“மாமா இப்பவும் இருக்கிறார் தம்பி. அவர் இந்தப் புத்தகத்தைக் கையில வாங்கிப் பார்க்கப் போறார்.”

அவர் சத்தம் போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், மாலைக்குள் திருத்தித் தருகிறேன் என்றேன். அந்த வேலையைச் செய்த விதத்தை நினைத்து எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறேன்.

ஏன் தெரிந்தது

கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். 90 சதவீதக் கறுப்பை வெள்ளைக்கு மேல் ஒருமுறை இழுத்தால் மாஸ்க்கில் 0 வராது, 25 அளவில் ஒரு சாம்பல் நிற்கும். அதாவது கோட்டின் 10 சதவீதம் இன்னும் அங்கே இருக்கிறது. கோட்டின் நிறம் சிவப்பு 30, பச்சை 35, நீலம் 60 என்றும், மெரூன் 80, 15, 25 என்றும் வைப்போம். இரண்டும் கலந்தால் 75, 17, 28 அளவில் வரும். மெரூனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. இப்போது மெரூனை எடுத்துவிட்டுச் சந்தனத்தை வையுங்கள், 235, 215, 175. அதே 10 சதவீதக் கோட்டு கலந்தால் 215, 197, 163 என்று இறங்கிவிடும். சிவப்பில் மட்டும் இருபது படி இறக்கம். சமமான வெளிர் நிறத்துக்குள் இருபது படி இறங்கினால் அது நிழல்தான்.

கடுதாசியில் இன்னும் மோசம். அச்சில் மைப் புள்ளி பைலில் உள்ள அளவைவிடக் கொஞ்சம் விரிந்துதான் விழும், ஆகவே வெளிர் நிறத்தில் உள்ள சின்னச் சாயலும் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக வரும். திரையில் நான் சிறிதாக்கிப் பார்த்ததில் நழுவியதைப் புரூஃப் காட்டிக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது பிழை மயிரில். பறக்கிற மயிர் ஒரு பிக்சலைவிட மெல்லியது, ஆகவே அந்தப் பிக்சலில் பாதி நரை, பாதி சிவப்புத் திரை. மெரூனுக்கு மேல் அந்தச் சிவப்பு ஒளிந்துகொண்டது. சந்தனத்துக்கு மேல் கொண்டையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு வளையம்.

இரண்டு பிழைகளும் முதல் நாளே மாஸ்க்கில் இருந்தவை. மெரூன் அவற்றை மறைத்துப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நான் செய்தது மெரூனுக்குப் பொருந்துகிற மாஸ்க், அம்மாவுக்குப் பொருந்துகிற மாஸ்க்கைச் செய்யவே இல்லை.

பெரியவர் சொன்னது

எங்கள் அச்சகத்தில் ஓய்வு பெற்ற பிறகும் வந்து போகிற ஒரு பெரியவர் இருக்கிறார். ஒப்செட் பிளேட்டுக்கு நெகட்டிவ் பிலிம் தயாரித்த காலத்து ஆள். நான் புரூஃபை வைத்துக்கொண்டு திரையில் தேடுவதைப் பார்த்துவிட்டு, “படத்தை ஏன் பார்க்கிறீர்? நெகட்டிவ்வைப் பாரும்” என்றார். அவர்கள் காலத்தில் நெகட்டிவ்வை வெளிச்ச மேசையில் விரித்து, கறுப்புக்குள் ஊசித் துளைபோல ஒளி கசிகிற இடங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் மெல்லிய தூரிகையால் மைபூசி அடைப்பார்களாம். அடைக்காமல் விட்ட துளை பிளேட்டில் புள்ளியாகி அச்சில் கறையாக வரும். வேண்டாத இடத்தை முழுதாக மறைக்கச் சிவப்பு பிலிமை வெட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை, அந்தச் சிவப்பு ஒளியை அடைத்துவிடும். போட்டோஷொப்பில் தெரிவுக்கு வெளியே உள்ளதை மூடிக் காட்டுகிற குவிக் மாஸ்க் சிவப்பாகத் தெரிவது அந்த பிலிமின் ஞாபகமாகத்தான்.

என்னுடைய நெகட்டிவ் மாஸ்க்தான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சின்னப் படத்தில் கிளிக் செய்தால் திரை முழுக்க மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாக விரியும். 25 என்ற சாம்பல் கறுப்போடு கறுப்பாகத் தெரியும் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. மாஸ்க் திரையில் இருக்கும்போதே கொன்ட்ரோல்-எல் அழுத்தி, கறுப்பு வெள்ளை அளவுகளை நகர்த்துகிற லெவல்ஸைத் திறந்து, வெள்ளைக் கைபிடியை இடப்பக்கம் 10, 15 வரைக்கும் இழுத்துப் பாருங்கள். ஒளிந்திருந்த சாம்பல் எல்லாம் வெள்ளையாக எரியும். எனக்கு மாமாவின் தோள் பளிச்சென்று தெரிந்தது, அதோடு பிரஷ் இழுப்புகளுக்கு இடையே தப்பிய நாலைந்து கோடுகளும், கீழே மூலையில் வேறொருவரின் சேலைக் கரையும். இடங்களைக் குறித்துக்கொண்டு லெவல்ஸை ரத்துச் செய்துவிட வேண்டும், சரி என்று அழுத்தினால் மாஸ்க் கெட்டுவிடும்.

திரும்பச் செய்தது

படம் மாஸ்க்குக்குப் பின்னால் முழுதாக இருந்ததால் திரும்ப ஸ்கான் செய்ய வேண்டியிருக்கவில்லை. பழைய மாஸ்க்கை நீக்கினேன். நீக்கும்போது போட்டோஷொப் ‘அப்ளை’ செய்யவா என்றும் கேட்கும். அதை அழுத்தினால் மறைந்திருந்ததெல்லாம் நிரந்தரமாக அழிந்துவிடும், கவனம்.

உடலுக்கு ஒரு முறையும் மயிருக்கு ஒரு முறையும் வேறுவேறாகப் போனேன். சேலையின் ஓரம் கூர்மையானது, அதைப் பென் டூலால் பாதை வரைந்து தெரிவாக்கினால் போதும். மாமாவின் கோட்டோடு ஒட்டிய இடத்தில் ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே வரைந்தேன், கொஞ்சம் சேலை போனாலும் கோட்டு வரக்கூடாது.

மயிருக்குச் சனல்களைப் பார்த்தேன், அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைத் தனித்தனியாக. இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம். சிவப்புத் திரை சிவப்புச் சனலில் வெளிச்சமாக இருக்கும், நரையும் வெளிச்சம், ஆகவே இரண்டும் ஒன்றாகிவிடும். பச்சையிலும் நீலத்திலும் திரை இருண்டுவிடும், நரை மட்டும் வெள்ளிக் கம்பிபோல நிற்கும். நீலத்தில் பெரும்பாலும் மணல் மணலாக இரைச்சல் கூட, ஆகவே பச்சையைக் கொப்பி எடுத்தேன். அந்தக் கொப்பியில் லெவல்ஸின் கறுப்பை 60க்கும் வெள்ளையை 190க்கும் நகர்த்தியதும் திரை முழுக் கறுப்பானது, காதோரத்து மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. முகமும் உடலும் அதில் சாம்பலாக இருக்கும், அவற்றை வெள்ளைப் பிரஷ்ஷால், ஒபாசிட்டி 100 என்று இருமுறை பார்த்துவிட்டு, நிரப்பினேன். பிறகு பென் டூல் தெரிவுக்கு வெளியே, மயிர்ப் பகுதி தவிர, எல்லாவற்றையும் கறுப்பால் நிரப்பினேன். கொன்ட்ரோலோடு அந்தச் சனலின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் வெள்ளைப் பகுதி தெரிவாகும். லேயருக்கு வந்து மாஸ்க் பொத்தானை அழுத்தினேன். முடிந்தது. இளம் ஆட்களின் கறுத்த மயிர் வெளிர்ச் சுவருக்கு முன்னால் இருந்தால் எல்லாம் தலைகீழ், சனலைக் கொன்ட்ரோல்-ஐயால் புரட்டிவிட்டுத் தொடங்க வேண்டும்.

ரோஸ் வளையம் மாஸ்க்கால் மட்டும் போகாது, ஏனென்றால் அந்தச் சிவப்பு படத்தின் பிக்சலுக்குள்ளேயே கலந்திருக்கிறது. அம்மாவின் லேயருக்கு மேல் நிறத்தைத் திருத்துகிற ஹியூ-சாச்சுரேஷன் லேயர் ஒன்றை அதற்கு மட்டும் பொருந்தும்படி கிளிப் செய்து, சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, 80 குறைத்தேன். அந்த லேயருக்கும் ஒரு மாஸ்க் உண்டு. அதை முழுக்கக் கறுப்பாக்கி, மயிர் ஓரத்தில் மட்டும் வெள்ளையால் தடவினேன். நரைக்கு நிறம் இல்லாதபடியால் இது இவ்வளவு சுலபமாக முடிந்தது. நெற்றியில் பொட்டுக்குக் கிட்டப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

நடுவில் ஒருமுறை கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. மாஸ்க் என்று நினைத்து லேயரிலேயே வரைந்துவிட்டேன். எதில் நிற்கிறோம் என்பதைச் சின்னப் படத்தைச் சுற்றியுள்ள சட்டம் காட்டும், அதைப் பார்க்காமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது.

கடைசியாக, அம்மாவின் லேயருக்குக் கீழே மூன்று லேயர்கள் வைத்தேன்: முழுக் கறுப்பு, முழு வெள்ளை, நடுச்சாம்பல். ஒவ்வொன்றாகத் திறந்து, படத்தை 100 சதவீதத்தில் வைத்து மூலைக்கு மூலை பார்த்தேன். கறுப்பில் வெளிர் எச்சம் தெரியும், வெள்ளையில் இருண்ட எச்சம் தெரியும், சாம்பலில் நிற வளையம் தெரியும். மூன்றிலும் நின்ற பிறகுதான் சந்தனத்தை வைத்தேன். முதல் தடவைக்கு இருபது நிமிடம் போனது, இதற்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

தானாகத் தெரிவு செய்கிற வசதியைப் பாவித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாவித்தேன். தனியாள் படத்தில் அது நல்ல தொடக்கம் தருகிறது. இந்தப் படத்தில் ஐந்து பேரையும் சேர்த்து ஒரே ஆளாகப் பிடித்தது. அது தருவதும் ஒரு மாஸ்க்தான், ஆகவே அதையும் ஆல்ட் கிளிக் செய்து பார்த்தே ஆகவேண்டும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறவர்களுக்கும் வழி இதேதான். லேயரில் வலது கிளிக் செய்து லேயர் மாஸ்க் சேர்க்கும்போது வெள்ளையா, கறுப்பா, தெரிவிலிருந்தா, லேயரின் சாம்பல் கொப்பியா என்று கேட்கும். நரை மயிருக்கு அந்தச் சாம்பல் கொப்பி நல்ல தொடக்கம். ஆல்ட் கிளிக்கில் மாஸ்க் தனியாகத் தெரியும், சட்டம் பச்சையாகும். கொன்ட்ரோல் கிளிக்கில் மாஸ்க் தற்காலிகமாக வேலை செய்யாது, சட்டம் சிவப்பாகும். போட்டோஷொப்பில் அதற்கு ஷிஃப்ட் கிளிக். எதில் செய்தாலும் பைலைப் பிஎஸ்டி (போட்டோஷொப்) அல்லது எக்ஸ்சிஎஃப் (கிம்ப்) ஆக வையுங்கள், ஜேபெக்கில் மாஸ்க் நிற்காது.

மாலையில் இரண்டாவது புரூஃபை அக்காவிடம் கொடுத்தேன். முதலில் இடப்பக்கத்தைத்தான் பார்த்தார், பிறகு யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்புறம் காதோரத்தில் விரலை வைத்து, “இந்த மயிரை வெட்டாமல் விட்டது நல்லம் தம்பி, அம்மா எப்பவும் இதைக் கையால ஒதுக்கிக்கொண்டேதான் கதைப்பா” என்றார். அச்சுக்குப் போனது.

அடுத்த வருடம் திவசத்துக்குப் பத்திரிகையில் நினைவஞ்சலி போட அதே படம் கேட்டு வந்தார். கறுப்பு வெள்ளை, பின்னணி வெளிர்ச்சாம்பல். பைலைத் திறந்து கீழே இருந்த நிறத்தை மட்டும் மாற்றினேன். மாஸ்க்கில் கை வைக்கத் தேவைப்படவில்லை, ஆனாலும் அனுப்புவதற்கு முன் ஆல்ட் கிளிக் செய்து லெவல்ஸை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.